விலா இடுக்கில்

ஒரு தட்டுக்கு ஒரு கோடுதான் விழ வேண்டும். திரையில் இரண்டு விழுந்திருந்தன.

ஸ்கேன் எடுப்பவள் கண்ணைக் கசக்கிவிட்டு மறுபடி பார்த்தாள். ஊரார் ஈரலைத் தட்டிப் பார்ப்பதே அவள் பிழைப்பு. முன்பெல்லாம் ஈரல் இறுகிவிட்டதா என்று அறிய விலாவுக்குள் ஊசி விட்டுத் துணுக்குச் சதை எடுத்தாக வேண்டும். இப்போது விலா இடுக்கில் கருவியை வைத்து, விரலால் சுண்டினாற்போல் ஒரு தட்டுத் தட்டினால் போதும். அதிர்வு உள்ளே ஓடுகிற வேகத்தை வைத்து இயந்திரமே சொல்லிவிடும். கதவை உடைக்காமல் வெளியே நின்று தட்டிப் பார்க்கிறோம், அவ்வளவுதான் என்று பயந்து வருகிறவர்களுக்கு அவளே தைரியம் சொல்வாள்.

இன்று படுக்கையில் கிடப்பது அவள். ரத்தப் பரிசோதனை சரியில்லை என்றதும் டாக்டர் சாதாரணமாகத்தான் சொன்னார்: "முதல்ல நம்ம மெஷின்ல பாத்துருவோம்மா. சரியா வரலன்னா ஊசிதான். ராத்திரி கூட ஒருத்தர் தங்கணும், யார்கிட்டயாவது சொல்லி வை."

ஊசிகூடப் பெரிதில்லை. யாரிடம் சொல்லி வைப்பது? அம்மா போன பிறகு அந்த வீட்டில் அவள் தும்மினால் என்னவென்று கேட்க நாதியில்லை. அண்ணன் இருக்கிறான், இருந்தும் என்ன, போன் எடுப்பது அண்ணிதான். ஆகவே மற்றவர்கள் கிளம்பிப் போன சாயங்காலத்தில், வலது கையைத் தலைக்கு மேல் தூக்கி, இடது கையால் கருவியை அழுத்தித் தனக்குத் தானே பார்க்கத் துணிந்தாள். இந்தத் தொழிலில் யாரும் செய்யக் கூடாத, எல்லோரும் செய்கிற தப்பு. தன் முதுகு தனக்குத் தெரியாது என்பார்கள். ஈரல் மட்டும் தெரிந்துவிடுமா?

விலாவில் தடவிய பசை சில்லென்று வழிந்து முதுகுக்கடியில் இறங்கியது; தாழ்வாரத்தில் யாரோ அணைக்க மறந்த மின்விசிறி கறக் கறக்கென்று சுற்றியது; டெட்டால் வாசனையும் பழைய விரிப்பின் வாசனையும் கலந்து தொண்டையில் நின்றன. மறுபடி பொத்தானை அழுத்தினாள். மறுபடியும் இரண்டு கோடுகள். முதல் கோடு தோலிலிருந்து உள்ளே இறங்கியது. இரண்டாவது, உள்ளேயிருந்து மேலே ஏறியது.

மெஷின் கோளாறு, நாளைக்கு ஆள் கூப்பிட வேண்டியதுதான் என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டாள். அறையில் அந்தக் குரல் அவளுக்கே பிடிக்கவில்லை.

அடுத்தடுத்து இரண்டு முறை தட்டினாள். சற்றுப் பொறுத்து, இரண்டு கோடுகள் ஏறி வந்தன.

மூன்று முறை. மூன்று.

பிறகு அவள் தட்டவில்லை. கருவியை எடுத்து மேசையில் வைத்தாள்.

டக்.

விலா இடுக்கில். உள்ளேயிருந்து. மெதுவாக.

எழுந்து ஓட வேண்டும் என்றுதான் நினைத்தாள். கால் வரவில்லை. தலையணைக்குப் பக்கத்தில் போன் அடித்தது. டாக்டர்.

"பாத்தியாம்மா? எவ்வளவு வந்துச்சு?"

விலாவில் மறுபடியும். டக். முரட்டுத்தனம் இல்லை அதில். தூங்குகிறாளா என்று பார்க்க வந்தவர்கள் தட்டுவது போல இருந்தது. எத்தனை காலமாயிற்று, அவள் இருக்கிறாளா என்று யாராவது தட்டிப் பார்த்து! அழுகை பொங்கிக்கொண்டு வந்தது.

"ஏம்மா, அதிகமா இருக்கா? பயப்படாத. நாளைக்கே ஊசி போட்டு உள்ள என்னதான் இருக்குன்னு பாத்துருவோம்."

உள்ளே தட்டல் நின்றது. அதற்கும் கேட்டுவிட்டது. பயந்துவிட்டது என்று அவளுக்குப் புரிந்தது.

"நார்மல் சார்," என்றாள். "ஊசியெல்லாம் வேண்டாம்."

போனை வைத்தாள். குனிந்து பார்த்தாள். பசை மினுங்கும் தோல் ஓரிடத்தில் மேடிட்டது. விரல் நுனி. பக்கத்தில் இன்னொன்று. இன்னொன்று. விலா எலும்புகளை மெல்ல அகற்றிக்கொண்டு, தோலுக்கடியில் முழு உள்ளங்கையாக விரிந்து நின்றது.

அவள் தன் கையை அதன் மேல் வைத்தாள்.

அது விரல்களை மடக்கி, தோலோடு சேர்த்து, அவள் கையைப் பற்றிக்கொண்டது.