கழுத்தில் பொன்

காலையில் கண் விழித்தபோது பல்வலி இல்லை. வாரக்கணக்கில் கீழ்த்தாடையின் கடைசிப் பல்லில் குடியிருந்து, காதுக்குள் ஏறி, நெற்றிப்பொட்டில் தெறித்து, சுபிதாவை ஆட்டிப்படைத்த வலி சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்டிருந்தது. அதன் இடத்தில் ஒரு ருசி மட்டும் இருந்தது. உப்பும் அழுகலுமாக ஏதோ ஒன்று ஈறிலிருந்து கசிந்து நாக்கின் அடியில் தேங்கியது. பின்வாசலில் போய்த் துப்பினாள், கொப்பளித்தாள், மறுபடியும் ஊறியது.

“பாத்தியா, தானா நின்னுட்டு. இதுக்குப் போயி ஆஸ்பத்திரின்னு குதிச்சியே,” என்றாள் மாமியார் செல்லத்தாய்.

பல்லைப் பிடுங்கினால் கண் போய்விடும் என்பது செல்லத்தாயின் வேதவாக்கு. துபாயிலிருந்த மகன் வினோஜ் அம்மா கிழித்த கோட்டைத் தாண்டாதவன். சுபிதாவும் கிராம்பைக் கடித்து, மருந்துக்கடை மாத்திரையை விழுங்கி நாளைக் கடத்தியிருந்தாள். கூடப் படித்த ஜின்சி நாகர்கோவிலில் ஒரு பல் மருத்துவமனையில் நர்ஸ். அவள் அப்போதே போனில் கத்தினாள்.

“ஏட்டி, வலி நின்னா சந்தோசப்படாத. பல்லு நரம்பு செத்துட்டுன்னு அர்த்தம், சீழ் உள்ளதான் கெடக்கும். வீக்கம் தாடைக்கு அடியில எறங்கினாலோ, வாய் தெறக்க முடியலன்னாலோ, எச்சி முழுங்க முடியலன்னாலோ ஒரு நிமிசம் வீட்டுல இருக்கப்படாது. மூச்சை அடைச்சிரும். நேரே பெரியாஸ்பத்திரிக்கு ஓடிரணும், கேட்டியா?”

கேட்டாள். கேட்டு என்ன செய்ய? அந்த வீட்டில் அவள் காதுக்கு இருந்த வேலை அவள் வாய்க்கு இல்லை.

மத்தியானம் குளிர்காய்ச்சலோடு வீக்கம் வந்தது. செல்லத்தாய் பார்த்தாள், கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

“அம்மையாக்கும். பொன்னுக்கு வீங்கி.”

“இல்ல மாமி, பல்லுதான்…”

“வாயை மூடு. தாயி வந்திருக்கா, வாய்க்கு வந்ததைப் பேசப்படாது.”

அதோடு அது அம்மன் இறங்கிய வீடானது. வாசலில் வேப்பங்குலை ஏறியது. சன்னல்கள் சாத்தப்பட்டன, அடுப்பில் தாளிப்பு நின்றது, சுபிதாவின் போன் பீரோவுக்குள் போனது. அதே பீரோவிலிருந்து அவள் கல்யாணச் சங்கிலி வெளியே வந்தது. புதுப்பெண்ணாக வந்த வாரத்தில் ‘பத்திரமா இருக்கட்டும்’ என்று கழற்றி வாங்கப்பட்டது, பிறகு அவள் கண்ணில் படவே இல்லை. பொன் பட்டால் வீக்கம் வடியும் என்று செல்லத்தாய் அதை அவள் கழுத்தில் இரட்டையாகச் சுற்றிக் கொக்கியை மாட்டினாள். எரிகிற தோலில் அதன் குளிர்ச்சி பட்டதும், வெட்கக்கேடு, சுபிதாவுக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. தன் நகையைத் தான் போட்டுக்கொள்ள ஒரு சீக்கு வரவேண்டியிருந்தது.

மகனுக்கு மட்டும் அம்மன் விலக்கு அளித்திருந்தாள் போலும். சாயங்காலம் செல்லத்தாய் தன் போனில் மகனை வீடியோ காலில் அழைத்து மருமகள் முகத்துக்கு நேரே பிடித்தாள். சுபிதா தாடையைக் காட்டி, தலையை ஆட்டி, ஏதோ சொல்லப் பார்த்தாள்.

“மொகம் கொஞ்சம் பூசினாப்புல இருக்கு. செயினும் கொள்ளாம், நல்லாருக்கு,” என்று சிரித்தான் வினோஜ்.

மறுநாள் விடாத மழை. சாத்திய அறையில் பகலும் இருட்டாகவே கிடந்தது. அம்மன் படத்துக்குச் சாத்திய தோவாளைப் பிச்சிப்பூவும், அரைத்த மஞ்சளும், வாடிய வேப்பிலையும் ஒன்றாக மணத்தன. அவற்றுக்கு அடியில் இன்னொரு நாற்றம், செத்த எலியை எங்கோ தேடவைக்கும் நாற்றம், அவள் மூச்சுவிடும்போதெல்லாம் வந்தது. வீக்கம் தாடைக்கு அடியில் இறங்கி மறுபக்கம் தாண்டியிருந்தது. தொட்டால் சதையாக இல்லை, பலகையாக இருந்தது. நேற்றுச் சங்கிலிக்கும் தோலுக்கும் நடுவே விரல் நுழைந்தது. இன்று நகம் நுழையவில்லை. கொக்கியைத் தேடினாள். அது எங்கோ உள்ளே போயிருந்தது.

வாய் திறக்கவில்லை. நாக்கு மேலண்ணத்தில் முட்டிக்கொண்டு நின்றது. எச்சில் விழுங்க வழியின்றிச் சேலையில் ஒழுகியது. படுத்தால் மூச்சு முட்டியது. முன்னால் குனிந்து உட்கார்ந்தால் மட்டும் கொஞ்சம் காற்று.

அறைக்குள் ஏதோ சீறியது.

மூலையில் பார்த்தாள். கட்டிலடியில் பார்த்தாள். ஒன்றும் இல்லை. அவள் மூச்சைப் பிடித்தால் அதுவும் நின்றது. மூச்சை இழுத்தால் சீறியது.

ஜின்சி சொன்ன எல்லாம் வந்துவிட்டது. சாகப்போகிறோம் என்று அவளுக்குத் தெரிந்தது. இந்த வீட்டில் அது அவளுக்கு மட்டும் தெரிந்தது.

முற்றத்தில் ஸ்கூட்டர் நின்றது.

“மாமி, சுபிதா போனு எடுக்கவே இல்ல. அவ பல்லுவலி?” ஜின்சியின் குரல்.

“அது நேத்தே நின்னுட்டு. இது அம்மையாக்கும். நீ வயித்துப்பிள்ளைக்காரி, படி ஏறப்படாது.”

மழைக்கு மேலாக ஜின்சி குரலை உயர்த்தினாள்.

“ஏட்டி சுபிதா! இங்க நின்னே கேக்கேன். வாய் தெறக்க முடியுதா? ஒரு சத்தம் குடு, போதும்.”

சுபிதா கத்தினாள். உயிரைத் திரட்டிக் கத்தினாள். உதட்டோரத்தில் ஒரு குமிழி உடைந்தது. எழுந்தாள். கால் மடங்கியது. தரையில் முழங்கால். கதவு நாலடியில்.

“ஒறங்குகா பிள்ள. இப்பந்தான் கண்ணசந்தா.”

“அம்மைன்னா நான் உள்ள வரப்படாது. எழும்பினதும் கூப்பிடச் சொல்லுங்க மாமி.”

ஸ்கூட்டர் திரும்பியது. தெருமுனை வரை கேட்டது. பிறகு மழை.

கதவு திறந்தது. “அய்யோ, கீழ எறங்கிட்டியா மக்கா?” செல்லத்தாய் பதறிப்போய் அவளைத் தூக்கிக் கட்டிலில் இருத்தினாள். கழுத்தைப் பார்த்தாள். சதைக்குள் புதைந்து அங்கங்கே மட்டும் மின்னியது சங்கிலி. கிழவிக்குக் கண் கலங்கியது.

“பொன்னு பிடிச்சிட்டு. இனி வடிஞ்சிரும்.”

புது வேப்பிலையை விரித்தாள். தலையணையைத் தட்டிப்போட்டாள்.

“குனிஞ்சே இருந்தா ஒடம்பு என்னத்துக்கு ஆவும்? மல்லாந்து படு.”

சுபிதா தலையை ஆட்டினாள். கையைப் பிடித்தாள். கண்ணால் கெஞ்சினாள்.

“தாயி பாத்துக்கிடுவா. படு மக்கா, படு.”

மஞ்சள் மணக்கும் கை நெஞ்சில் பதிந்தது. பைய அழுத்தியது. தலை தலையணையைத் தொட்டது. நாக்கு பின்னால் சரிந்தது. காற்று வரவில்லை. மேலே, திறந்த கண்களுக்கு மேலே, செல்லத்தாய் வேப்பங்கொத்தால் பாசத்தோடு வீசிக்கொண்டிருந்தாள்.