சத்தம் அடக்கிய வண்டி

இந்தக் காலத்து ஆட்களுக்குக் காது எதற்கு இருக்கிறது என்று தேவநேசனுக்கு விளங்கியதே இல்லை. நாள் முழுக்க இரண்டு காதிலும் எதையாவது சொருகிக்கொண்டு திரிகிறார்கள். பக்கத்து வீட்டில் குக்கர் விசில் அடித்தால் சொசைட்டி வாட்ஸ்அப்பில் புகார் போடுகிறார்கள். கட்டில், அடுப்பு, கக்கூஸ் எல்லாம் வைத்த வண்டியை வாங்குவார்களாம், அதை ஏரிக்கரையில் கொண்டுபோய் நிறுத்துவார்களாம், உள்ளே ஏசியும் வேண்டுமாம், ஆனால் அந்த ஏசி மூச்சு விடக் கூடாதாம். மோட்டார் என்றால் சத்தம் போடத்தான் செய்யும். மராத்திக்காரர் ஊரான கோந்த்வாவில் கடை வைத்து நாற்பது வருஷமாக ஏசியும் பிரிட்ஜும் பழுது பார்க்கும் அவர், சத்தம் போடாத மோட்டாரை ஒருநாளும் நம்பியதில்லை.

அப்படிப்பட்டவர், கடக்வாஸ்லா அணையைத் தாண்டி, மக்காச்சோளம் சுடுகிற கடைகளையும் தாண்டி, தண்ணீர் வற்றி வெடித்துக் கிடந்த கரையில் அந்த வெள்ளைக் கேரவனைப் பார்த்ததும், ஸ்கூட்டரை விட்டு இறங்காமல் உட்கார்ந்துவிட்டார். மே மாதத்து மூன்று மணி வெயில். கேரவனின் பக்கவாட்டில் ஏசித் தண்ணீர் வெளியே வரும் சின்னக் குழாய் இருந்தது. அதன் நுனியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. கீழே யாரோ கவிழ்த்துப் போட்ட தகர டப்பா ஒன்று. சொட்டு விழுந்தது, சிதறியது, அடுத்தது விழுந்தது. தகரத்தில் தண்ணீர் விழுந்தால் 'டொப்' என்று கேட்க வேண்டும். கேட்கவில்லை.

காற்று எதிர்ப்பக்கம் அடிக்கிறது என்று சொல்லிக்கொண்டார். காற்றே இல்லை.

கிளம்பும்போது வீட்டுக்காரி ஜோசபின் வாசலை மறித்துக்கொண்டு நின்றாள். "அந்தப் பிள்ள செத்த வண்டில்லா அது? போவாதிய. வேற ஆளைப் பாக்கச் சொல்லுங்க."

"வேலை செஞ்சவன் போகாண்டாமா? நீ சோலியப் பாரு."

வேறு ஆளைப் பார்க்கச் சொல்லியிருக்கலாம். வேறு ஆள் வந்தால் கூரைப் பலகையைக் கழற்றுவான். கழற்றினால் பார்ப்பான். அதற்காகத்தான் தானே வந்தார் என்பதை ஜோசபினிடம் எப்படிச் சொல்வது?

கோகுல்நாத் வண்டியின் படியில் உட்கார்ந்திருந்தான். கோயம்புத்தூர்ப் பையன், கராடியில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. பிப்ரவரியில் பார்த்தபோது கன்னம் உப்பி, கலகலவென்று இருந்தான். இப்போது சட்டை தோளில் மாட்டி வைத்தது போல் தொங்கியது.

"வாங்க அங்கிள். இந்த வெயில்ல வரச் சொல்லிட்டேன், கோவிச்சுக்காதீங்க."

"கோவிச்சு என்ன செய்ய? வந்தாச்சுல்லா. என்ன கம்ப்ளைண்டு?"

"சத்தம் வருதுங்க."

"ஏசியிலயா?"

"ஏசியே போடறதில்லீங்க. பார்கவி போனதுக்கப்புறம் ஜெனரேட்டரைத் தொடவே இல்ல. எல்லாம் ஆஃப்ல கெடக்குது. ஆனா படுத்தா வருதுங்க. கோழிக்குஞ்சு கத்தற மாதிரி. நாலு தடவ. கொஞ்ச நேரம் நிக்குது. மறுபடி நாலு."

தேவநேசன் தண்ணீர் சொட்டும் குழாயைப் பார்த்தார். ஆஃபில் கிடக்கிற ஏசி. அது சொட்ட வழியே இல்லை.

"இதுக்குள்ளயா படுக்கிய?"

"வீட்ல தூக்கம் வர மாட்டேங்குதுங்க. இங்க வந்தா வரும்னு பாத்தா இந்தச் சத்தம் விட மாட்டேங்குது. பதினேழு நாளாச்சுங்க அங்கிள் நான் தூங்கி. அதை மட்டும் நிறுத்திக் குடுத்துட்டீங்கன்னா போதும்."

பிப்ரவரியில் இதே வார்த்தையைத்தான் அவன் மனைவி பார்கவியும் சொன்னாள். அவளுக்கு ஒற்றைத் தலைவலி. சின்னச் சத்தமும் ஆணி அடிப்பது போல் இருக்கும் என்று நெற்றியைப் பிடித்துக்கொண்டே பேசினாள். கூரை ஏசி போட்டால் வண்டியே அதிர்ந்தது. அவர் ஏசிக்கு அடியில் கனத்த ரப்பர் வைத்தார். காற்று வரும் பாதை முழுக்க ஸ்பாஞ்ச் ஒட்டினார். சுவர், கூரை, கதவு விளிம்பு எதையும் விடவில்லை. ஏசிக்குக் கரண்ட் கொடுக்கிற ஜெனரேட்டர் பின்பக்கம் லொடலொடத்தது. அதைத் தகரப் பெட்டிக்குள் அடைத்தார். அதன் புகைக்குழாய் வெளியே நீட்டிக்கொண்டு உறுமியதால், வளைத்து வண்டிக்கு அடியில் விட்டார். அங்கே அடித்தட்டில் தண்ணீர்க் குழாய்க்காகப் போட்ட ஓட்டை இருந்தது. பார்த்தார். அப்புறம் அடைத்துக்கொள்ளலாம் என்று நினைத்தார். அடைக்கவில்லை.

எல்லாம் முடிந்து ஜெனரேட்டரையும் ஏசியையும் போட்டுக் காட்டினார். அரை மணி நேரம் பூனை நடக்கிற மாதிரி ஓடியது. அப்புறம்தான் படுக்கைக்கு மேலே, கூரையில் இருந்த உள்ளங்கையளவு வெள்ளைப் பெட்டி கத்தத் தொடங்கியது. பீ, பீ, பீ, பீ.

"இது என்னங்க அங்கிள்? இதை விட அந்த ஏசியே தேவலயே!" என்று பார்கவி சிரித்தாள்.

பெட்டியின் மேல் இங்கிலீஷில் நாலு வரி எழுதியிருந்தது. அவர் படித்தது ஐந்தாம் வகுப்பு. அவளிடம் நீட்டி என்னவென்று கேட்டிருக்கலாம். ஒரு சின்னப் பெண்ணிடம், அதுவும் வேலை பார்க்க வந்த இடத்தில், படிக்கத் தெரியாது என்று எப்படிக் காட்டிக்கொள்வது? "சும்மா, பேட்டரி விக்கதுக்காக இப்படிக் கத்த வச்சிருக்கான். கம்பெனிக்காரன் ஏமாத்து" என்றார். அவள் டீ போடத் திரும்பியபோது பெட்டியைக் கழற்றி, ஸ்பாஞ்சில் சுற்றி, கறுப்பு டேப் ஒட்டி, கூரைப் பலகைக்குப் பின்னால் திணித்துத் திருகிவிட்டார். வண்டி அமைதியானது. அவள் கை கூப்பினாள்.

மார்ச் கடைசியில் ஒரு மதியம், கோகுல்நாத் நண்பர்களோடு பரிசலில் போயிருந்தபோது, அவள் தலைவலி என்று கதவைச் சாத்தி, ஏசியைப் போட்டுப் படுத்தாள். ஜெனரேட்டர் புகை என்றார்கள், அது முகத்தைச் சிவக்க வைத்துத் தூக்கத்திலேயே கொல்லும் என்றார்கள். சுவர் ஓரமாக வண்டியை நிறுத்தியதால் புகை திரும்பி உள்ளே வந்துவிட்டது என்றார்கள். நிறுத்தியது கோகுல்நாத். அந்தப் பெட்டி எதற்குக் கத்தியது என்பது செத்த வீட்டில், நாற்காலி வரிசையில் உட்கார்ந்திருந்தபோதுதான் தேவநேசனுக்குத் தெரிந்தது. இரண்டு பேர் பேசிக்கொண்டார்கள். அவர் எழுந்து தண்ணீர் குடித்துவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டார்.

"நீங்க இங்கயே இருங்க," என்று கோகுல்நாத்திடம் சொல்லிவிட்டு உள்ளே ஏறினார். கதவைச் சாத்தினார்.

வெளியே அதுவரை எத்தனை சத்தம் இருந்தது என்பது அப்போதுதான் தெரிந்தது. சோளக்கடையில் யாரோ மராத்தியில் கூவியது, தண்ணீரோரம் பிள்ளைகள் கத்தியது, தூரத்தில் சிங்ககட் கோட்டைப் பக்கம் திரும்பும் பஸ்ஸின் ஹாரன், எல்லாம் கத்தியால் நறுக்கியதுபோல் நின்றன. நல்ல வேலைதான், என்று கை தன்னை அறியாமல் பெருமைப்பட்டது. மனசு அதைப் பிடித்து அமுக்கியது. ஸ்பாஞ்சு பசையின் புளித்த வாடை. அதற்கு அடியில், துணியில் ஊறிப்போன பெட்ரோல் புகை. அதற்கும் அடியில், அடுப்படியில் காய்ந்துபோன இஞ்சி. எல்லாம் வெந்துகொண்டிருக்க வேண்டிய வெயிலில் உள்ளே சில்லென்று இருந்தது. முன்கை மயிர் நிமிர்ந்தது.

அந்தப் பலகை படுக்கைக்கு நேர் மேலே. நின்று எட்டிக் கழற்ற முடியாது. மல்லாந்து படுத்துத்தான் கழற்ற வேண்டும்.

படுக்கையில் குழி இருந்தது. ஒருக்களித்துப் படுத்த ஒரு உடம்பின் அளவுக்கு.

ஓரமாக ஒடுங்கிப் படுத்தார். திருப்புளியை வைத்துத் திருகினார். துருப்பிடித்த திருகு, கிறீச்சிட வேண்டும். கிறீச்சிடவில்லை. முதல் திருகு கை நழுவித் தரையில் விழுந்தது, உருண்டது. கண்ணால் பார்த்தார். காதில் ஒன்றும் இல்லை. இரண்டாவதும் அப்படியே. காதில் ஏதோ அடைப்பு என்று நினைத்துத் தொண்டையைச் செருமினார். தொண்டை அதிர்ந்தது. செருமல் கேட்கவில்லை.

ரத்த அழுத்தம். வயசு. வெயிலில் ஸ்கூட்டர் ஓட்டியது.

பீ.

பீ, பீ, பீ.

அந்த நாலும் மட்டும் கேட்டன. துல்லியமாக.

பலகையை இழுத்தார். கறுப்பு டேப், அதில் அழுந்திய அவருடைய கட்டைவிரல் ரேகை. பிய்த்தார். பெட்டி. பின்மூடியைத் திறந்தார். பேட்டரி உப்பி, வெள்ளையாகக் கசிந்து, செத்துப்போய் வெகுநாள் ஆகியிருந்தது. நகத்தால் நெம்பிக் கீழே போட்டார். காலிப் பெட்டி கையில்.

பீ.

பெட்டியில் இல்லை.

பக்கத்தில்.

தலையணையில். காதுக்கு ஒரு சாண் தள்ளி.

பீ. பீ. பீ.

அது இயந்திரமில்லை. உதட்டைக் குவித்து யாரோ சொல்கிறார்கள். பெண் குரல். பஞ்சுக்குள்ளிருந்து வருகிற மாதிரி மழுங்கிய குரல். மூச்சு திணறுகிறது. நாலு முடிந்ததும் மூச்சு வாங்குகிறது. மறுபடி தொடங்குகிறது. பொறுமையாக. பதினேழு நாளாக.

திரும்பிப் பார்க்கவில்லை. கூரையையே பார்த்தார். கோகுல்நாத் கேட்டுவிடுவான். ஓடி வருவான். பெட்டியைப் பார்ப்பான். டேப்பைப் பார்ப்பான். அதுதான் முதலில் தோன்றியது, அதற்காக அவர் வெட்கப்படவும் நேரமில்லை.

"சத்தம் போடாதம்மா," என்றார். "உம் புருசன் கேட்டுறப் போறாரு. சும்மா இரும்மா. நல்ல பிள்ளல்லா."

நின்றுவிட்டது.

சொன்ன பேச்சைக் கேட்கிற பிள்ளை மாதிரி. அந்த நொடியே.

பெட்டியையும் டேப்பையும் சட்டைப்பைக்குள் திணித்து, பலகையைப் பொருத்தி, வெளியே இறங்கினார். வெயில் முகத்தில் அறைந்தது. பிள்ளைகளின் கத்தல் திரும்பி வந்தது.

"என்னங்க அங்கிள் இருந்துது?"

"ஸ்க்ரூ லூசு. முடுக்கிட்டேன்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான். சூட்டுல தகரம் விரியும்லா, அப்பம் கத்தும்."

கோகுல்நாத் தலையாட்டினான். பிறகு, படியின் விளிம்பைப் பெருவிரலால் தேய்த்துக்கொண்டே கேட்டான். "உள்ள ஒரு வெள்ளை டப்பா கண்ணுல பட்டுதுங்களா? புகை வந்தா கத்தறது. அதைக் காணோம்ங்க. நாந்தான் தொடைக்கறப்ப எங்கியோ கழட்டி வெச்சிருக்கோணும், ஞாபகமே வரல. அது இருந்திருந்தா பார்கவி முழிச்சிருப்பாளுங்க அங்கிள். நீதான் கொன்னேன்னு அவளோட அம்மா சொல்றாங்க. சரிதானுங்களே?"

சட்டைப்பையில் பெட்டியின் மூலை நெஞ்சில் குத்தியது. ஒரு வார்த்தை போதும். வாயைத் திறந்தார்.

"பாக்கல," என்றார். "வெயில்ல நிக்காதிய. உள்ள போய் ஒரு தூக்கம் போடுங்க. இனி சத்தம் வராது."

"ரொம்ப தேங்க்ஸுங்க." அவன் கண் நிறைந்துவிட்டது. உள்ளே போனான். கதவு சாத்திக்கொண்டது. எப்படிச் சாத்தியது என்று காதுக்குத் தெரியவில்லை.

அவருக்குப் போக மனம் வரவில்லை. பின்பக்கம் போய், ஜெனரேட்டர் பெட்டியைத் திறந்து, பிளக் ஒயரைப் பிடுங்கினார். இனி இது ஓடாது. இதையாவது செய்தோம். ஒயரைக் கையில் சுற்றிக்கொண்டே, எழுந்திருக்க வண்டியின் பக்கத்தில் உள்ளங்கையை ஊன்றினார்.

தகரம் அதிர்ந்தது.

ஒரே சீராக. மோட்டார் ஓடுகிற அதிர்வு. நாற்பது வருஷமாகத் தெரிந்த அதிர்வு.

வளைத்துவிட்ட புகைக்குழாயைத் தொட்டார். கை வெந்தது. கத்தினார். கேட்கவில்லை.

ஜன்னலுக்கு வந்தார். கோகுல்நாத் அதற்குள் தூங்கிப்போயிருந்தான். வாய் லேசாகத் திறந்து, குழந்தை மாதிரி. முகம் சிவப்பேறி, நல்ல நிறமாக இருந்தது. கண்ணாடியைத் தட்ட அவர் கையை ஓங்கினார்.

அவனுக்குப் பின்னால், அந்தக் குழியில், அவள் ஒருக்களித்துப் படுத்திருந்தாள். அதே சிவப்பு முகம். கண்கள் திறந்திருந்தன. ஜன்னலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அவரைக் கண்டதும், நான் சத்தம் போடவில்லை பாருங்கள் என்பதுபோல, ஒரு விரலை எடுத்துத் தன் உதட்டின் மேல் வைத்தாள்.

ஓங்கிய கை மெல்ல இறங்கியது.

கண்ணாடியில் வெயில் பட்டால் என்னென்னவோ தெரியும். சூட்டில் தகரம் நடுங்கும். கிழவன் கையும் நடுங்கும். ஒயர் கையில் இருக்கும்போது மோட்டார் எப்படி ஓடும்? ஒவ்வொன்றாகத் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். எதையும் நம்பவில்லை. பின்பக்கமாக இரண்டடி எடுத்து வைத்தார். பிறகு திரும்பினார். செருப்பு மண்ணில் நறநறத்தது. கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டார். ஸ்கூட்டர் ஸ்டாண்டைச் சத்தமில்லாமல் தட்டிவிட்டு, ஸ்டார்ட் செய்யாமல், கொதிக்கிற கரையில் வெறுங்காலோடு தள்ளிக்கொண்டு நடந்தார்.