ஜன்னலைத் திறக்காதே, பொன்செல்வி!

போன் அலறியது!

திசையன்விளை பஜாரில் மளிகைக் கடை வைத்திருக்கும் நயினார், பருப்பு ஒட்டிய கையோடு செல்லை எடுத்தார். மும்பையிலிருந்து மருமகன் முத்துசெல்வம்.

"சொல்லுங்க மாப்ளே... சாப்டாச்சா?"

மறுமுனையில் அழுகை!

"மாமா... பொன்செல்வி போயிட்டா மாமா!"

"எங்க போயிட்டா?"

"கேஸ் வெடிச்சிருச்சு மாமா! என் கண்ணு முன்னாலதான் கரிக்கட்டையா கிடக்கா..."

தராசுத் தட்டு தரையில் விழுந்து உருண்டது.

"என்ன சொல்லுதிய? காலையிலதானே எம் மவ எங்கூடப் பேசுனா!"

"நீங்க வர வேண்டாம் மாமா. அத்தை தாங்க மாட்டாவ. முகமே தெரியல... நானே இங்க காரியத்தை முடிச்சிருதேன்."

லைன் கட்!

நயினார் அப்படியே மூட்டைமேல் சாய்ந்தார். மகளின் கல்யாண ஆல்பம்கூட இன்னும் ஸ்டூடியோவிலிருந்து வரவில்லை...

* * *

அந்த போனுக்குக் கொஞ்ச நேரத்துக்கு முன்னால்...

மும்பை. செம்பூர். மூன்றாவது மாடி.

கல்யாணத்துக்கு நயினார் மகள் பெயரில் வாங்கிக் கொடுத்த வீடு அது. ஆனால் பொன்செல்விக்கு இந்த ஊர், பாஸ்போர்ட் இல்லாமல் வந்த வெளிநாடு! காய்கறிக்காரனிடம் விரலைக் காட்டித்தான் வாங்கினாள். பஸ், வாட்ச்மேன், பக்கத்து வீட்டுக் குழந்தை... எல்லாம் புரியாத பாஷை.

தமிழ் பேச இரண்டே பேர். ஒன்று, கணவன். இன்னொன்று, குறுகிய சந்துக்கு அந்தப் பக்கம், எதிர் ஜன்னலில் தெரியும் ஆபிதா அக்கா. மேலப்பாளையத்துக்காரி. அவள் கணவர் அப்துல் ரவூபுக்கு தாராவியில் தோல் பட்டறை.

ஆபிதாவோடு பேசக் கூடாது என்று முத்துசெல்வம் உத்தரவு!

"அவ சரியில்ல பொன்னு. ஜன்னல் வழியா வீட்டை நோட்டம் விடுதா."

வந்த முதல் நாளே பொன்செல்வி மூக்கைச் சுருக்கினாள்.

"என்னங்க, கேஸ் நாத்தம் அடிக்கே?"

அவன் சிரித்தான்.

"பட்டிக்காடு! இது டிராம்பே பக்கத்து ஃபாக்டரி வாசம். செம்பூர்ல எல்லார் வீட்லயும் இருக்கும். ஜன்னலைத் திறந்தா இன்னும் வரும். திறக்காத. பழகிரும்."

அவ்வப்போது அந்த வாசம் வந்தது. போனது.

பழகியும் விட்டது!

ஒரே ஒரு விஷயத்தில்தான் அவள் கணவன் சொல்லை மீறினாள்.

காக்கா!

காக்காவுக்கு ஒரு பிடி சோறு வைக்காமல் அவள் சாப்பிட்டதே இல்லை. கணவன் கிளம்பிப் போனதும், மதியம் சமையலறை ஜன்னலைக் கொஞ்சமாகத் திறந்து விளிம்பில் சோறு வைப்பாள். ஒரு கால் வளைந்த காக்கா ஒன்று தவறாமல் வரும். எதிரே துணி காயப்போடும் ஆபிதா சிரிப்பாள்.

"ஏளா, நொண்டிப் பயலைப் பழக்கி விட்டுட்ட! நாளைக்கு பிரியாணி கேப்பான் பாரு!"

"மெதுவா பேசுங்கக்கா... அவுகளுக்குத் தெரியாது!"

இன்று காலை கிளம்பும்போது முத்துசெல்வம் அந்த ஜன்னலின் இடுக்கெல்லாம் டேப் ஒட்டினான்.

"எதுக்குங்க?"

"இன்னிக்கு வாசம் ஜாஸ்தியா வருமாம். கிச்சன் கதவையும் சாத்தியே வை. மத்தியானம் நான் போன் பண்ணுவேன், அப்ப திறந்தா போதும்."

எவ்வளவு அக்கறை! பொன்செல்விக்குக் கண் கலங்கியது.

சொன்னபடியே மதியம் போன் அடித்தது.

"பொன்னு, சாப்ட்டியா?"

"இல்லீங்க. காலையில இருந்து தலைவலி..."

"சாம்பாரைச் சுட வெச்சுச் சாப்பிடு. ஆறினதைத் தின்னாத. நான் லைன்லயே இருக்கேன்."

சமையலறைக் கதவைத் திறந்தாள்.

குப்!

"யம்மாடி! இன்னிக்கு நாத்தம் தலையைச் சுத்துதுங்க!"

"காத்து இந்தப் பக்கமா அடிக்குது. மூக்கைப் பொத்திக்கிட்டு அடுப்பைப் பத்த வை. சீக்கிரம்!"

ஸ்பீக்கரைப் போட்டு செல்லை மேடையில் வைத்தாள். லைட்டரை எடுத்தாள். அடுப்பருகே கொண்டு போனாள்...

டக்... டக்... டக்!

யாரோ ஜன்னல் கண்ணாடியைத் தட்டினார்கள்! மூன்றாவது மாடியில்!

"அடடா... உன்னை மறந்தே போனேனே!" என்றாள் பொன்செல்வி.

போனில் குரல் கூர்மையானது.

"யாரு அது? யார்கூடப் பேசுத?"

"யாருமில்லீங்க... ஒரு நிமிஷம்..."

"நிமிஷமாவது மண்ணாவது! பத்த வை பொன்னு!"

வீல்!

ஒரு பெண்ணின் அலறல்.

படார்!

அப்புறம்... ஒன்றுமில்லை. வெறும் அமைதி!

* * *

மும்பையின் புறநகரான கல்யாண். ஸ்டேஷன் வாசல். வடா பாவ் கடை.

முத்துசெல்வம் மனைவியின் நம்பரை மறுபடி அழுத்தினான். ஸ்விட்ச் ஆஃப். மறுபடி. ஸ்விட்ச் ஆஃப்!

சிரித்தான்.

வாயைத் துடைத்துக்கொண்டான். ஒரு விசும்பலை ஒத்திகை பார்த்தான். அப்புறம்தான் மாமனாருக்கு அடித்தான்.

'என் கண்ணு முன்னாலதான் கிடக்கா' என்று அவன் கதறியபோது, அவன் கண் முன்னால் கிடந்தது பாதி வடா பாவ்!

லோக்கலில் ஏறி, குர்லாவில் மாறி, செம்பூரில் இறங்கினான். தலையைக் கலைத்தான். சட்டை பட்டனைப் பிய்த்தான். தெருவுக்குள் ஓடினான்.

தீயணைப்பு வண்டி இல்லை.

கூட்டம் இல்லை. புகை இல்லை.

வாட்ச்மேன் வழக்கம்போல சலாம் வைத்தான்!

முத்துசெல்வம் தன் வீட்டு ஜன்னலை அண்ணாந்து பார்த்தான். மாடி ஏறினான். வீட்டுக் கதவு திறந்து கிடந்தது.

"ஐயோ பொன்னு!" அலறிக்கொண்டே உள்ளே பாய்ந்தான்.

"வாங்க... சாம்பாரைச் சுட வெக்கட்டுமா?"

பொன்செல்வி!

முழுசாக. உயிரோடு. அழுது சிவந்த கண்களோடு. அவள் தோளை அணைத்தபடி ஆபிதா. பக்கத்தில் காக்கிச் சட்டை.

"நீ... நீ..."

"எப்படி உயிரோட இருக்கான்னு யோசிக்கறீங்களா?" காக்கிச் சட்டை தமிழில் கேட்டது. "சப்-இன்ஸ்பெக்டர் மாதவ். தமிழங்க நிறைஞ்ச மாட்டுங்காவுல பொறந்து வளர்ந்தவன். தாராளமா தமிழ்லயே பொய் சொல்லலாம்."

ஆபிதா பொரிந்தாள்.

"சோறு வெக்க டேப்பைக் கிழிச்சு ஜன்னலைத் திறந்தா. எங்க வீடு வரைக்கும் கேஸ் நாத்தம்! கையில லைட்டர் வேற! 'ஏய்ய்'னு நான் போட்ட சத்தத்துல புள்ள பதறி இட்லிப் பானையைத் தள்ளி விட்டுட்டா. போன் பக்கெட் தண்ணிக்குள்ள போயிருச்சு. சுவிட்ச்ல கை வெக்காம வெளிய ஓடுளான்னு கத்துனேன்! போலீஸுக்கும் நான்தான் போன் பண்ணுனேன்!"

"ஃபாக்டரி வாசம்னு சொன்னாவளே அக்கா..." பொன்செல்வியின் குரல் உடைந்தது.

"அரே, எதுத்த ஜன்னல்ல இத்தனை வருஷமா நான் இருக்கேன். எனக்கு வராத வாசம் உனக்கு மட்டும் எப்படிளா வரும்? உன்னைப் பழக்கியிருக்கான், பாவி!"

முத்துசெல்வம் பதறினான்.

"டியூப் தானா கழண்டிருக்கும் சார்! விபத்து!"

"நாங்களும் அப்படித்தான் நினைச்சிருப்போம்," என்றார் மாதவ். "ஆனா உங்க மனைவி, அப்பாகிட்ட பேசணும்னு ஆபிதாம்மா போன்ல கூப்பிட்டாங்க. அவர் என்ன சொன்னார்னு நீங்களே கேளுங்க."

ஸ்பீக்கரில் நயினாரின் குரல் நடுங்கியது.

"எம் மவ குரலைக் கேட்டு, பேய்தான் பேசுதுன்னு போனை வீசிட்டேன்... ஏ முத்துசெல்வம்! ஊருக்கே வெடிக்காத கேஸு உமக்கு மட்டும் எப்படிவே வெடிச்சிச்சு?"

முத்துசெல்வம் வாசல் பக்கம் பின்வாங்கினான்.

"அப்புறம் உங்க ஆபீஸுக்கு அடிச்சோம்," மாதவ் தொடர்ந்தார். "'அவர் லீவ் சார், கல்யாண்ல மனைவியைப் பார்க்கப் போயிருக்கார்'னாங்க. மனைவி இங்கதானே இருக்காங்கன்னு விசாரிச்சா... அங்க ஒரு வீடு, ஒருத்தி, ஒரு கைக்குழந்தை. இந்த வீடும் கைக்கு வந்துட்டா, அவங்களை இங்க குடிவெச்சிடலாம். இல்லையா?"

விலங்கு மாட்டப்பட்டது. க்ளிக்!

பொன்செல்வி எழுந்தாள். கணவன் முகத்தைப் பார்க்கவில்லை. நேராகச் சமையலறைக்குப் போய் ஒரு பிடி சோற்றை அள்ளினாள்.

"நான் வந்து உன்னைக் கூட்டிட்டு வந்துருதேன் தாயி!" ஸ்பீக்கரில் நயினார் கெஞ்சினார்.

"வாங்கப்பா. வந்து எங்கூட இருங்க. வீடு என் பேர்லதான இருக்கு? இந்தி ஆபிதாக்கா சொல்லித் தருவாவ. என்னை நம்பி இங்க ஒரு சீவன் இருக்குப்பா."

வாசலில் முத்துசெல்வம் திரும்பினான். பல்லைக் கடித்தான்.

"போன்ல கேட்டுதே... ஜன்னலைத் தட்டினது யாருடி? சாட்சி யாரு சார்? நான் கோர்ட்ல கேப்பேன்!"

மாதவ் ஜன்னல் பக்கம் கையை நீட்டினார். விளிம்பில் ஒரு கால் வளைந்த காக்கா, தலையைச் சாய்த்து முத்துசெல்வத்தையே பார்த்துக்கொண்டிருந்தது.

"சார்தான் முக்கிய சாட்சி! கூப்பிட்டா கோர்ட்டுக்கு வருவார்... ஆனா மதியச் சாப்பாடு வெச்சாத்தான் வாக்குமூலம்!"