நண்பகல் குறியெண்

புள்ளி நகரவில்லை. முதல் கோணல் அதுதான்.

வானத்தில் ஏறிய எதுவும் நிற்கக் கூடாது. விமானம் நின்றால் விழுந்தாக வேண்டும். ஆனால் ராடார் திரையின் வட ஓரத்தில், நாற்பது கிலோமீட்டர் தொலைவில், விலை படியாத வாடிக்கைக்காரர் போகவும் மனமில்லாமல் கடை வாசலையே அடைத்துக்கொண்டு நிற்பதுபோல அந்தப் பச்சைப் புள்ளி நின்றது.

மணி பன்னிரண்டு ஐந்து. வெளியே மண்டையைப் பிளக்கும் வெயில் அடிக்கும். அவள் இருந்த இரும்புப் பெட்டிக்கு ஜன்னல் கிடையாது. லாரியின் முதுகில் ஏற்றிய அறை அது. குளிர்சாதனம் ஈரத்துணி வாடையை ஊதிக்கொண்டிருந்தது. அதோடு சூடேறிய வயர் நாற்றம், காலடியில் ரப்பர் நாற்றம். பின்னால் குன்றுக்குள் வெடிமருந்துக் கிடங்கு, அதைச் சுற்றி முந்நூறு சிப்பாய்கள். அவ்வளவுக்கும் கண் அவள் ஒருத்திதான். திரையில் ஒரு புள்ளி இருக்கும்வரை கதவின் தாழ் திறக்காது. பயத்தில் யாரும் இருக்கையை விட்டு ஓடிவிடக் கூடாதென்று எந்த மகராசனோ செய்துவைத்த ஏற்பாடு.

தொழில் என்னவோ ஒற்றைக் கேள்விதான். ராடார் வானத்தைப் பார்த்து ‘நீ யார்?’ என்று கேட்கும். நம் விமானமென்றால் அன்றைய குறியெண்ணைத் தானாகச் சொல்லும். திரையில் ‘நம்மவர்’ என்று விழும். தப்பாகச் சொன்னால் ‘அயல்’. எண் தினமும் நண்பகலில் மாறும். புதியதை இயந்திரத்தில் ஏற்றிவிட்டு, பழைய தாளை அவளே தன் கையால் எரித்துவிடுவாள்.

இன்று நேரத்துக்கு ஏற்றியாகிவிட்டது. மூன்று முறை சரிபார்த்தும் ஆகிவிட்டது.

கேட்டாள். புள்ளி நேற்றைய எண்ணைச் சொன்னது. ‘அயல்.’

“என்ன தங்கச்சி, உன் பெட்டி என்ன சொல்லுது?” காதுக்கருவியில் தொந்தி அண்ணன். ஏவுகணை வண்டியில் பொத்தானுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர். அவள் ‘அயல்’ என்று சொன்னால் அழுத்துவது அவர் விரல்.

“நேத்து நம்பரைச் சொல்லுதுண்ணே.”

“அப்போ நம்ம ஆளுதான். பொண்டாட்டி பேரையே ரெண்டு தடவை யோசிச்சுச் சொல்ற பசங்க. இன்னொரு வாட்டி கேளு.”

கேட்டாள். இப்போது முப்பத்தைந்து கிலோமீட்டர். முந்தாநாள் எண்.

அவள் விரல் விசையிலேயே நின்றது. அந்த எண் இருந்த தாள் முந்தாநாளே அவள் கண்முன்னால் கருகிச் சுருண்டிருந்தது. சாம்பலை அவளே தண்ணீரில் கரைத்திருந்தாள்.

மறுபடி. முப்பது. அதற்கும் முந்தின நாள்.

அவளுக்கு எண்கள் மறக்காது. சிலருக்கு முகம் மறக்காததுபோல. அதனால்தான் இந்த இருக்கையே கிடைத்தது. புள்ளி படிப்படியாக எங்கே இறங்கிப் போகிறதென்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. பதினேழு நாளுக்கு முன்னால்.

அன்று நண்பகலில் தொந்தி அண்ணன் ஏதோ சொல்ல, அவள் வயிறு வலிக்கச் சிரித்துக்கொண்டிருந்தாள். எண்ணை மாற்றவில்லை. இரண்டே நிமிடம். வீடு திரும்பிய விமானம் புது எண்ணை ஒழுங்காகத்தான் சொன்னது. பழைய எண்ணோடு இருந்த இயந்திரம்தான் ‘அயல்’ என்றது. நிச்சயமா என்று அண்ணன் கேட்டார். நிச்சயம் என்றாள். புகை அடங்குவதற்குள் எண்ணை ஏற்றி, பதிவேட்டில் நேரத்தைத் திருத்தி எழுதினாள். விமானி எண்ணை மாற்ற மறந்தார் என்று விசாரணை முடிந்தது. அவர் மனைவிக்கும் அப்படியே கடிதம் போனது.

பதினைந்து கிலோமீட்டர்.

“தங்கச்சி, கிட்ட வருதே. சீக்கிரம் சொல்லும்மா. அடிக்கவா, விடவா?”

‘அயல்’ என்றால், அன்றுபோலவே இன்னொரு மனிதன். ‘நம்மவர்’ என்று சொல்லி அது பகையாக இருந்தால், குன்றும் முந்நூறு பேரும்.

“அண்ணே... அன்னிக்கு...”

“என்னிக்கு?”

குளிர்சாதனம் நின்றது. தன் மூச்சு தன் காதிலேயே கேட்டது.

“ஒண்ணுமில்லண்ணே.”

புள்ளி ஒரே தாவலில் மூன்று கிலோமீட்டருக்கு வந்தது. கேட்காமலே சொன்னது. பதினேழு நாளுக்கு முந்தைய எண். நான்கு இலக்கம். பிசகில்லாமல். மறுபடி அதே எண். மறுபடி. பொறுமையாக.

ஒரு கிலோமீட்டர்.

இருநூறு மீட்டர்.

மேலே எந்த இரைச்சலும் இல்லை.

புள்ளி திரையின் நட்டநடுவுக்கு வந்து நின்றது. அங்கே எதுவும் தெரியக் கூடாது. ராடார் தன்னைத் தானே பார்ப்பதில்லை. நடு என்பது அவள். இந்தப் பெட்டி. இந்த நாற்காலி.

காதுக்குள் ஒரு கிளிக். கேள்வி போகும்போது வரும் சத்தம். ஆனால் அவள் விசையைத் தொடவில்லை. கேள்வி வெளியிலிருந்து வந்தது.

நீ யார்?

இன்றைய எண்ணைத் தட்டினாள். தப்பு. நேற்றையதை. தப்பு. பதினேழு நாளுக்கு முந்தைய எண்ணை, ஒவ்வொரு இலக்கமாக. தப்பு.

நடுப்புள்ளியின் அருகில் எழுத்து விழுந்தது. ‘அயல்.’

“தங்கச்சி,” அண்ணன் குரலில் சிரிப்பில்லை. “வண்டி தானாத் திரும்புது. நீயா திருப்புற?”

“கையை எடுங்கண்ணே! அண்ணே!”

“நான் தொடவே இல்லம்மா.”

கதவுக்குப் பாய்ந்தாள். தாழ் அசையவில்லை. தோளால் இடித்தாள். அசையவில்லை. திரையில் புள்ளி இருந்தது. அவள் உள்ளே இருக்கும்வரை அது இருக்கும்.

மூலையில், இந்தப் பெட்டியின் கூரைமேல் இருக்கும் வெளிக் கேமராவின் சிறு திரை. கொதிக்கும் வெயிலில் ஏவுகணை வண்டி. நான்கு குழாய்களும் வானத்தை விட்டுத் தாழ்ந்தன. மெல்ல, அவசரமில்லாமல், திரும்பித் திரும்பி, கேமராவுக்கு நேரே வந்து நின்றன.

நான்கு வட்டம். நான்கும் இருட்டு.

மூடிகள் ஒவ்வொன்றாகக் கழன்று விழுந்தன.