நனையாத நான்கு இடங்கள்

திருவிடைமருதூரில் பஸ்ஸை விட்டு இறங்கும்போதே வானம் கறுத்துக் கிடந்தது. வாய்க்கால் ஓரத்துப் பழைய பங்களாவின் வாசலில் ஆட்டோ நின்றபோது பிற்பகல் மூன்று மணி. சுற்றிலும் சம்பா வயல். இந்நேரம் ஒரத்தநாட்டுப் பக்கம் எவன் வயலிலோ அம்மா குனிந்து களை பறித்துக்கொண்டிருப்பாள் என்று வானதி நினைத்துக்கொண்டாள். வீட்டில் முதன்முதலாகப் பட்டம் வாங்கியவள் அவள்தான். சென்னை ஏலக் கம்பெனி ஒன்றுக்காக, இங்கிருக்கும் மண் ஜாடிகளைச் செய்தது யார் என்று எழுதிக் கொடுக்க வந்திருந்தாள்.

“இதுல ஆராய்ச்சி பண்ண என்னம்மா இருக்கு?” என்றார் வீட்டுக்காரர் சூர்யபிரகாஷ். “எல்லாம் எங்கப்பா சாரங்கபாணி கை வேலை. அடியில முத்திரை இருக்கு பாருங்க. உங்க எம்.டி.கிட்ட பேசிட்டேன், உங்களை பர்மனன்ட் பண்ணச் சொல்லி.”

போன் அடித்தது. பேசிக்கொண்டே மாடிக்குப் போய்விட்டார்.

ஜாடிகள் இருந்த அறையில் ஈரக் களிமண் வாசம் அடித்தது. முப்பது வருடமாக இந்த வீட்டில் யாரும் மண் பிசைந்ததில்லை.

வானதி ஒரு ஜாடியைக் கவிழ்த்தாள். முத்திரையை யார் வேண்டுமானாலும் குத்தலாம். அதை அவள் நம்புவதில்லை. சூளையில் வைக்குமுன் ஜாடியின் அடியை இரண்டு கையாலும் பிடித்து, பளபளப்புக்காகத் தலைகீழாக மெருகுக் கரைசலில் முக்கி எடுப்பார்கள். விரல் பட்ட இடத்தில் மட்டும் மெருகு ஒட்டாமல் மண் வெறுமையாக நிற்கும். சூளையில் வெந்த பிறகு அது என்றைக்கும் அழியாது.

ஒரு பக்கம் வலது கையின் நான்கு முழு விரல்கள். மறுபக்கம் இடது கையின் நான்கு விரல்கள். அதில் மோதிர விரல் பாதியோடு நின்றது.

அடுத்த ஜாடியிலும் பாதி. நாற்பத்தொரு ஜாடியிலும் பாதி.

சுவரில் மாலை போட்ட படத்தில் சாரங்கபாணி கைகூப்பியிருந்தார். பத்து விரலும் முழுசாக இருந்தன.

“டீ, மேடம்.” வீட்டு வேலை பார்க்கும் சான்ட்ரா, நாற்பது வயதுக்காரி, கதவருகே நின்றாள். அவள் பார்வை கவிழ்ந்த ஜாடியிலேயே இருந்தது. “எங்கம்மா விரல் அது. அக்னஸ்னு பேரு. அய்யா பேப்பர்ல வரைஞ்சு காட்டுவாரு, அவ்வளவுதான். செஞ்சதெல்லாம் அம்மா.”

“விரல் எப்படிக்கா போச்சு?”

“மண்ணு பிசையுற மிஷின் தின்னுடுச்சு. மறுவாரமே வேலைக்கு வந்து நின்னாங்களாம். ‘உனக்கு ஒம்பதே ஜாஸ்திடி’ன்னு அய்யா சிரிச்சாராம்.” குரல் தணிந்தது. “அவங்க போயி ஆறு வருஷமாச்சு. நீங்க எழுதுற பேப்பர்ல அவங்க பேரு வருமா மேடம்? ஒரு ஓரமா வந்தாப் போதும்.”

“பாக்குறேன்க்கா.”

சொன்ன வாயை அறைந்துகொள்ளலாம் போலிருந்தது. தாலுகா ஆபீஸில் தன் அப்பாவை வருடக்கணக்கில் நடக்கவிட்டவர்களின் சொல் அது.

சான்ட்ரா போனதும் சான்றிதழ்ப் படிவத்தை எடுத்தாள். செய்தவர் என்ற இடத்தில் ‘சாரங்கபாணி’ என்று எழுதினாள்.

மை பிடிக்கவில்லை.

எண்ணெய் பட்ட தாள்போல, பெயருக்கு மேல் நான்கு இடங்களில் பேனா வழுக்கியது. மூன்றாவது இடம் குட்டை.

வேறு படிவம் எடுத்தாள். அதிலும் வழுக்கியது. அறைக்குள் எங்கோ, ஒரு சக்கரம் மெல்லச் சுற்றும் சத்தம்.

அப்போதாவது எழுந்து போயிருக்கலாம். மேலே போய், ‘உங்கப்பா செய்யல சார்’ என்று முகத்துக்கு நேரே சொல்லியிருக்கலாம். காலேஜில் எத்தனை பேரிடம் சண்டை போட்டவள்!

மூன்றாவது படிவம் எடுத்து அதே பெயரை எழுதினாள்.

மை பிடித்துக்கொண்டது. எழுத்து வழவழவென்று இறங்கியது. சக்கரம் நின்றது. விட்டுவிட்டது என்று பெருமூச்சு விட்டாள்.

மேசைக்கடியில் இடது கணுக்காலில் ஏதோ சில்லென்று பட்டது. குனிந்து பார்த்தாள். ஒன்றுமில்லை.

வெளியே மழை கொட்டியது. கேட்டருகே சான்ட்ரா குடையோடு ஓடி வந்தாள். “எழுதிட்டீங்களா மேடம்?”

“எழுதிட்டேங்க்கா.”

“மாதா உங்களை நல்லா வச்சிருப்பா.” கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

குடையை வாங்க வானதிக்குக் கை வரவில்லை. நனைந்துகொண்டே நடந்தாள். ரோட்டில் கணுக்கால் அளவு தண்ணீர். பஸ் ஸ்டாப்பில் ஏறி நின்று செருப்பைக் கழற்றியபோதுதான் பார்த்தாள்.

கால் முழுக்கச் சேறும் தண்ணீரும். இடது கணுக்காலைச் சுற்றி நான்கு இடம் மட்டும் காய்ந்து கிடந்தது.

ஒன்று பாதி.

வேலை நிரந்தரமாகி இரண்டு மாதம் ஆகிறது. ஜாடிகள் சாரங்கபாணி பேரில் போய்விட்டன. ‘செய்தவர் அக்னஸ்’ என்று அவள் அடித்த திருத்தக் கடிதம் அனுப்பப்படாமல் போனிலேயே கிடக்கிறது. தினமும் திறப்பாள். தினமும் மூடுவாள். எத்தனை சோப்பு போட்டாலும் அந்த நான்கு இடத்தில் தண்ணீர் ஒட்டுவதில்லை.

இன்று காலை ஹாஸ்டல் குளியலறையில் பக்கெட் நிரம்பித் தளும்பியது. சொம்பில் மொண்டு கால்களில் ஊற்றினாள்.

வலது கணுக்காலிலும் நான்கு இடம் நனையவில்லை.

அதில் நான்குமே முழு விரல்கள்.