மரக் காருக்கு வைத்த திராட்சை

8 ஜூன் 2003, ஞாயிறு. இன்று ஒரு சிறு தவறு தெரிந்தது. மரக் காரை அலமாரியின் மேல்தட்டில் வைத்துவிட்டதாக நேற்று எழுதியிருக்கிறேன். காலையில் அது தரையில் இருந்தது. மேலே வைக்க நினைத்துக் கீழேயே விட்டிருப்பேன். இனிமேல் வைத்த பிறகுதான் எழுத வேண்டும்.

செங்குட்டுவன் எழுதியதை மறுபடி படித்தான். வாக்கியங்களில் பிழை இல்லை. ஆனால் நேற்று மேல்தட்டுக்குக் கை நீட்டியதும், அங்கிருந்த பழைய டிபன் கேரியரை ஓரமாகத் தள்ளியதும், விரலில் ஒட்டிய தூசியைச் சட்டையில் துடைத்ததும் அவனுக்கு நினைவிருந்தன. கொடியில் தொங்கிய சட்டையில் அந்தத் தூசியின் தடம் இன்னும் இருந்தது. வேறு எதையாவது வைத்திருப்பேன் என்று சொல்லிக்கொண்டு டைரியை மூடினான்.

டோல்கேட்டுக்குப் பின்னால், குடிசை மாற்று வாரியக் குடியிருப்பின் மூன்றாவது மாடியில் அவர்களுக்கு ஒரே ஓர் அறையும் சமையல் மேடையும் தடுப்பு வைத்த குளியல் மூலையும்தான். நைனா பீம்ராவ், பிரசவத்துக்கு வந்திருந்த அக்கா ரமாபாய், இன்னும் பெயர் வைக்காத அவளுடைய பெண் குழந்தை, அவன் என்று நான்கு பேரும் தரையில் பாய் விரித்துத்தான் படுப்பார்கள். நெடுஞ்சாலையில் கன்டெய்னர் ஏற்றிய டிரெய்லர்கள் போகும்போது அந்தத் தரை மெல்ல அதிரும். தண்ணீர்க் குடத்தின் மேல் வைத்த சொம்பு கிணுகிணுக்கும். எண்ணூர்ப் பக்கமிருந்து காற்று வீசினால் மூக்கை அறுக்கும் அமோனியா நெடி ஜன்னல் வழியாக வந்து பாயிலும் தலையணையிலும் தங்கிவிடும். இதெல்லாம் அவனுக்குப் பிறந்ததிலிருந்து பழக்கம். மரம் மரத்தைக் கடிக்கும் சத்தம்தான் புதிது.

அந்தக் காரை, பிரித்த துண்டுகளாக ஒரு பெட்டியில் கொண்டுவந்து கொடுத்தவர் அக்காவின் கணவர் வேலப்பன். டிரெய்லர் ஓட்டுபவர். பெட்டியில் இருந்த எழுத்து எந்த நாட்டுடையது என்று அவருக்கும் தெரியாது. உள்ளே மெல்லிய ஒட்டுப்பலகைகள். ஒவ்வொன்றிலும் பல்சக்கரங்களும் அச்சுகளும் வெட்டுப்பட்டு, விரலால் அழுத்தினால் கழன்று வரும்படி இருந்தன. பசை வேண்டாம், ஆணி வேண்டாம். படம் பார்த்து மாட்டிக்கொண்டே போனால் கடைசியில் ஒரு ரப்பர் வளையத்தின் முறுக்கில் ஓடும் கார். பகலில் கன்டெய்னர் யார்டில் வேலை, மாலையில் இயந்திர வரைபட வகுப்பு. மிச்சம் கிடைத்த விடிகாலைகளில் உட்கார்ந்து அவன் அதைச் செய்தான். ஒவ்வொரு பல்லையும் உப்புத்தாளால் தேய்த்து, மெழுகுவத்தியைப் பூசி, சுற்றிப் பார்த்து, திருப்தி இல்லாமல் கழற்றி மறுபடி தேய்த்தான்.

பெட்டியைக் கொடுத்த அன்றே வேலப்பன் சொல்லியிருந்தார்: "மச்சான், முடிச்சதும் எலுமிச்சம்பயம் வச்சி உருட்டு. மரவண்டின்னாலும் வண்டி வண்டிதான். மொத காவு நாம குட்த்துடணும்."

நைனா பேப்பரிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "இந்த வூட்ல எலுமிச்சம்பயம் சோத்துல பெசைய மட்டுந்தான் மாப்ள."

"என் வண்டிய பயம் வக்காம ஒரு நாள் எடுத்துப் பாரு மாமா. அப்பால பேசு."

"உன் மூஞ்சியத்தான் வக்கணும் சக்கரத்துல," என்றாள் ரமாபாய். எல்லோரும் சிரித்தார்கள்.

சனிக்கிழமை கார் முடிந்தது. நைனா சொன்னதும் சரி, வேலப்பன் மாமா சொன்னதும் சரி என்று தோன்றியதால் செங்குட்டுவனால் எதையும் தீர்மானிக்க முடியவில்லை. வீட்டில் யாரும் பார்க்காதபோது சும்மா ஒரு எலுமிச்சம்பழத்தை எடுத்துச் சக்கரத்தின் அருகில் வைத்துப் பார்த்தான். பழம் சக்கரத்தைவிடப் பெரிதாக இருந்தது. அளவுக்கு அளவு பொருந்த வேண்டும் என்று வகுப்பில் சொல்லித் தந்திருந்தார்கள். அக்காவுக்கு வாங்கி வைத்திருந்த கறுப்புத் திராட்சையில் நான்கைக் கிள்ளி, நான்கு சக்கரங்களுக்கும் கீழே வைத்துச் சாவியை முறுக்கினான். கார் ஒரு கணம் தயங்கி, ஏறி, இறங்கியது. தோல் வெடித்து வழிந்த சாறு மெருகு போடாத மரத்தில் உடனே ஊறியது. துடைக்கத் துடைக்கக் கறை உள்ளே போனதே தவிர வெளியே வரவில்லை.

திங்கட்கிழமை விடிகாலையில் கண் திறந்தபோது, அவன் முகத்துக்கு நேரே, பாயின் விளிம்பில், அந்தச் சக்கரங்கள் நின்றிருந்தன. தரையில் படுத்துக்கொண்டு பார்த்தால் அது சிறிய காராகத் தெரியவில்லை. முன்சக்கரத்தின் அடியில் ஒரு கரப்பான் பூச்சி காகிதம்போல் அழுந்தியிருந்தது. அவன் அதைச் சுரண்டி எடுத்துவிட்டு ரப்பர் வளையத்தைத் தொட்டுப் பார்த்தான். தளர்ந்து தொங்கியது. வளையத்தைக் கழற்றி மேசை இழுப்பறையில் போட்டான். இனி ஓடாது. ஓட வழியே இல்லை.

மறுநாள் சமையல் மேடைக்குக் கீழே ஒரு பல்லி. வாலும் உடலும் முழுதாக இருந்தன. தலை மட்டும் இல்லை. தலை இருந்த இடத்தில் ஈரமான ஒரு தடம். அந்தத் தடம் ஒரு முறை போனதல்ல. முன்னும் பின்னும் பல முறை. காரைக் கையில் எடுத்தான். ஒரு தீப்பெட்டிக் கட்டின் கனம்கூட இல்லாதிருந்த அது இப்போது உள்ளங்கையில் அழுந்தியது. கடல் காற்றில் மரம் ஈரம் இழுத்திருக்கும் என்று நினைத்தான். ஆனால் அமோனியா நெடியின் நடுவே சக்கரத்திலிருந்து மெலிதாக இனிப்பு வாசனை வந்தது. பழுத்து அழுகும் இனிப்பு.

அன்று வேலைக்குப் போகும்போது காரைக் குப்பைத்தொட்டிக்குள் ஆழமாகப் புதைத்துவிட்டுப் போனான்.

புதன்கிழமை காலை கீழ்த்தள வாசலில் கூட்டம். மணல் குவியலில் தெருநாய் ஒன்று குட்டி போட்டிருந்தது. இன்னும் கண் திறக்காத குட்டிகள். வரிசையாகக் கிடந்தன. உடல்களில் காயமே இல்லை. தலைகள் ஒவ்வொன்றும் மணலோடு மணலாகத் தட்டையாகியிருந்தன. தாய் நாய் சற்றுத் தள்ளி நின்றது. குரைக்கவில்லை, அருகே வரவும் இல்லை.

"எந்தக் கஸ்மாலம் வண்டிய ஏத்திட்டுப் போனானோ," என்றாள் கீழ்வீட்டுப் பூவம்மா, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு. "என் பேத்தி இந்த மண்ணுலதான் நாளெல்லாம் வெளாடுது."

செங்குட்டுவன் மாடியேறியபோது வீட்டு வாசலில் கார் நின்றது. மூக்கு கதவைத் தொட்டுக்கொண்டிருந்தது. படிக்கட்டு நெடுக, ஒவ்வொரு படியின் விளிம்பிலும், ஈர மணல் இரண்டு கோடுகளாக ஒட்டியிருந்தது. காரைத் தூக்க அவனுக்கு இரண்டு கைகளும் தேவைப்பட்டன. வெளியே எறிந்தால் பூவம்மாவின் பேத்தி இருக்கிறாள். ஒவ்வொரு தளத்திலும் ஏதோ ஒரு குழந்தை தரையில் தூங்குகிறது. தன் கண் எதிரே இருப்பதுதான் நல்லது என்று நினைத்தான். அதுவும் தவறாக இருக்கலாம். உள்ளே கொண்டுபோய் இரும்புப் பெட்டியில் வைத்துப் பூட்டினான்.

"அக்கா, நீ கொஞ்ச நாள் மாமா வூட்டுக்குப் போயேன்."

ரமாபாய் குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டிருந்தாள். "இன்னாடா குட்டு, பெத்து ஒரு மாசம் ஆவல. அதுக்குள்ள தொரத்தறியா? கொயந்த அயுவுறது உன் படிப்புக்குப் பேஜாரா கீதா?"

"அது இல்லக்கா."

"பின்ன இன்னா? சொல்லு."

அவன் குனிந்து இரும்புப் பெட்டியின் பூட்டை இழுத்துப் பார்த்தான்.

அன்று சாயங்காலம் வேலப்பன் மகளைப் பார்க்க வந்தார். நெல்லூர் லோடுக்குப் போகும் வழி. அவர் கிளம்பி வாசலில் செருப்பு மாட்டும்போது செங்குட்டுவன் திராட்சை வைத்ததைச் சொன்னான். அதை மட்டும்தான் சொன்னான்.

வேலப்பன் சிரித்தார். "லூசு. எலுமிச்சம்பயம் ஏன் வக்கறாங்க தெரிமா? புளிப்பு. மொத கடியிலயே அதுக்குப் பல்லு கூசிடும். இனிமே வாணாம்டா சாமின்னு வுட்டுடும். நீ இன்னாத்துக்குடா அதுக்கு இனிப்பு குட்த்த?"

சிரித்தபடி ஆரம்பித்தவர் கடைசியில் சிரிக்கவில்லை.

"இப்ப எலுமிச்சம்பயம் வச்சா?"

"ருசி கண்டதுக்கு அப்பறமா?" அவர் தூங்கும் மகளை ஒரு முறை திரும்பிப் பார்த்தார். பிறகு அவன் தோளில் தட்டினார். "டமாசு பண்ணேன் மச்சான். மூஞ்சிய ஏன் அப்டி வச்சிகினுகீற? கொயந்தைய பாத்துக்க."

இருந்தாலும் அவன் பெட்டியின் முன்னால் ஒரு எலுமிச்சம்பழத்தை வைத்தான். விடியும்போது பெட்டியின் பூட்டு பூட்டியபடியே இருந்தது. பழம் கசங்காமல் அப்படியே இருந்தது. பழத்தைச் சுற்றி வளைந்து போன இரண்டு மெல்லிய கோடுகள் தரையைக் கடந்து, பாயைக் கடந்து, அக்காவின் விரிந்த கூந்தலைக் கடந்து போயின. குழந்தையின் உள்ளங்காலில் முடிந்தன. அங்கே, ரோஜா நிறத் தோலில், சிறு சிறு பற்களாகப் பதிந்த ஒரு சிவப்பு வரி. குழந்தை அழவில்லை. அவனைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"கொசு கட்ச்சிகீது," என்றாள் ரமாபாய், எச்சில் தொட்டுத் தடவியபடி.

கார் தண்ணீர்க் குடத்துக்குப் பின்னால் நின்றிருந்தது. அவன் வேலைக்குப் போகவில்லை. பழைய பேப்பரை விரித்து அதைப் பிரிக்க உட்கார்ந்தான். மாட்டிய வரிசைக்கு நேர் எதிர் வரிசையில் கழற்றினால் எதுவும் உடையாது. கூரை வந்தது. கதவுகள் வந்தன. பெரிய பல்சக்கரத்தைப் பிடித்து இழுத்தபோது அது தானாகச் சுற்றியது. ஆள்காட்டி விரல் உள்ளே போனது. இரண்டு சக்கரங்களின் பற்களும் நகத்தின் இரு பக்கமும் கவ்வி, நிதானமாக, அவசரமே இல்லாமல், நகத்தை அடியிலிருந்து நெம்பின. நகம் மரத்தோடு போனது. அவன் கையை உதறிக்கொண்டு பார்த்தபோது பேப்பரில் ஒரு சொட்டு ரத்தம்கூட இல்லை. எல்லாவற்றையும் மரம் குடித்திருந்தது.

கழற்றிய கூரையைத் திரும்ப மாட்டினான். ஏன் மாட்டினான் என்று தெரியவில்லை. கை அதுவாகச் செய்தது.

அன்று அது நகரவில்லை. மறுநாளும் இல்லை. வயிறு நிறைந்த ஒன்றைப்போல் அசையாமல் கிடந்தது. அவன் விரலில் துணி சுற்றிக்கொண்டு வகுப்புக்குப் போனான், கோடுகள் கோணின. கதவிடுக்கில் மாட்டிக்கொண்டது என்று வீட்டில் சொன்னான்.

சனிக்கிழமை பகல். நைனா வேலைக்குப் போய்விட்டார். குளியலறைத் தடுப்புக்குப் பின்னால் அக்கா தலைக்கு ஊற்றிக்கொள்ளும் சத்தம். வெயில் ஜன்னல் கம்பிகளின் நிழலைத் தரையில் போட்டிருந்தது. பாயின் நடுவே குழந்தை. மல்லாந்து, கைகளை விரித்து, தூங்கியது. அதன் உச்சிக்குழி மெல்ல எழுந்து மெல்லத் தாழ்ந்தது.

கடக்.

குடத்தின் பின்னாலிருந்து.

கடக். கடக்.

சொம்பு கிணுகிணுத்தது. சாலையில் டிரெய்லர் எதுவும் இல்லை.

கார் வெயிலுக்குள் வந்தது. ரப்பர் இல்லை. சாவி சுற்றவில்லை. சக்கரங்கள் கறுத்து ஈரமாக இருந்தன. நேராக வந்தது. பாயின் விளிம்பில் ஏறியது. கோரை முறிந்தது.

அவன் அதைப் பிடித்து இழுத்தான். நகரவில்லை. காலால் உதைத்தான். கால்தான் வலித்தது. குழந்தையை வாரித் தூக்கினான். அறையின் மறுமூலைக்குப் போனான். கார் நின்றது. திரும்பியது. குளியலறைத் தடுப்பின் பக்கம் பார்த்தது. அதன் அடியில் ஈரத் தரை. அக்காவின் குதிகால்கள். பிறகு மறுபடி குழந்தையின் பக்கம். காத்திருந்தது.

அவனுக்குப் புரிந்தது. அது காவு கேட்கிறது.

குழந்தையைப் பாயில் கிடத்தினான். அதன் தலைக்கும் சக்கரத்துக்கும் நடுவே முட்டி போட்டு உட்கார்ந்தான். இடது கையைத் தரையில் விரித்தான். கட்டைவிரல் வேண்டும். நடுவிரல் வேண்டும். பென்சில் பிடிப்பது வலது கை. யோசித்தான். மற்றவற்றை மடக்கினான். சுண்டுவிரலை மட்டும் நீட்டினான்.

சக்கரம் நகத்தில் ஏறியது.

எண்ணூர் நெடுஞ்சாலையின் கனம் முழுவதும் அந்தச் சின்ன மரத்தில் இருந்தது. முதல் மூட்டு திராட்சைபோல் வெடித்தது. அவன் வாயில் சட்டைக் காலரைத் திணித்துக்கொண்டான். குழந்தை தூங்குகிறது. கத்தக் கூடாது. இரண்டாவது மூட்டு. எலும்பு நொறுங்கும் சத்தத்தைவிட மரம் உறிஞ்சும் சத்தம் பெரிதாகக் கேட்டது. முன்னே போயிற்று. பின்னே வந்தது. முன்னே. பின்னே. அவசரமே இல்லாமல்.

பிறகு நின்றது.

"குட்டு," தடுப்புக்குப் பின்னாலிருந்து அக்கா கூப்பிட்டாள். "கொயந்தைய பாத்துகினியா?"

அவன் காலரைத் துப்பினான். "பாத்துக்குனேன் அக்கா."

"முயிச்சிகிச்சா?"

"இல்ல. தூங்குது."

பாயில் குழந்தை தூக்கத்தில் சிரித்தது. அதன் தலைமாட்டில், ஒரு துளி சிந்தாத தரையில், கார் மெல்லத் திரும்பி, மடக்கி வைத்த அவனுடைய மற்ற விரல்களின் பக்கம் முகம் வைத்துப் படுத்துக்கொண்டது.

14 ஜூன் 2003, சனி. இடது கையில் கட்டு. இரும்புப் பெட்டியின் மூடி விழுந்து நசுங்கியதாகச் சொல்லியிருக்கிறேன். குழந்தை நலம். ஒரு விரலுக்கு எத்தனை நாள் அடங்கியிருக்கும் என்று தெரியவில்லை. நகத்துக்கு இரண்டு நாள்தான். மாலையில் சக்கரம் ஒரு முறை அசைந்ததுபோல் இருந்தது. என் கண்ணின் தவறாக இருக்கலாம்.

நாளைய வேலை: அக்கா குளிக்கப் போவதற்குள் கட்டைப் பிரித்து இறுக்கிக் கட்ட வேண்டும். மோதிர விரல்.