வெண்திட்டு உதடு

இதில் வரும் ஒவ்வொரு சொல்லும் உண்மை. தாமிரபரணியில் இடுப்பளவு தண்ணீரில் நின்று, ஈர வேட்டியோடு கிழக்கே பார்த்துச் சத்தியம் செய்யச் சொன்னாலும் செய்யலாம். ஆற்றில் இடுப்பளவு தண்ணீர் ஓடும் நாளாகப் பார்த்துச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான்.

2088ஆம் ஆண்டு பாளையங்கோட்டையில் சொந்தத் தோலோடு தெருவுக்கு வந்தவர்கள் நூற்றுக்கு ஒருவர் இருந்தால் அதிகம். மற்றவர்கள் எல்லாரும் மறைதோல் போட்டிருந்தார்கள். வெங்காயச் சருகைவிட மெல்லிய படலம் அது. குளித்துவிட்டு ஈரம் காயுமுன் தெளித்துக்கொண்டால் இரண்டு நிமிடத்தில் உடம்போடு ஒட்டிக் கேட்ட நிறத்தைக் கொடுத்துவிடும். வியர்வையை வெளியே விடும். மழையை உள்ளே விடாது. படை, தேமல், பருத்தழும்பு, வெண்புள்ளி எல்லாம் அதன் அடியில் போய்விட்டன. பெண் கறுப்பா சிவப்பா என்பது பெண்ணுக்கே மறந்துபோயிருந்தது.

இதனால் பெண் பார்க்கப் போகிறவர்களுக்குத்தான் சங்கடம். பார்ப்பதற்கு ஒன்றும் இல்லை. பஜ்ஜியைத் தின்றுவிட்டுத் திரும்பி வந்தார்கள்.

ஆனால் மறைதோலுக்கு ஒரு குறை இருந்தது. வாய்க்குள் அது ஒட்டாது. உமிழ்நீர் பத்து நிமிடத்தில் கரைத்துவிடும். வாய்க்குள் இருப்பதும் ஒருவகைத் தோல்தான். வெளித்தோலுக்கு வரும் நோய்களில் பல அங்கேயும் எட்டிப்பார்க்கும். சில அங்கேதான் முதலில் வந்து உட்காரும். இதைத் தெரிந்துகொண்ட ஊர் வாயைப் பார்க்க ஆரம்பித்தது. பேனா அளவில் ஒரு வாய்காட்டி வந்தது. கன்னத்தின் உட்புறம், ஈறு, நாக்கின் அடி என்று வெளிச்சம் அடித்துப் பார்த்து ஒரு வாய்ச்சீட்டு அச்சடித்துக் கொடுக்கும். ஜாதகம் இரண்டாம் இடத்துக்குப் போனது. தரகர் பிரமநாயகம் சட்டைப்பையில் பேனாவை எடுத்துவிட்டு வாய்காட்டியைச் செருகிக்கொண்டார்.

செண்பகவடிவு பேருந்து நிலையத்துக்கு எதிரே இருந்த வாய் மருத்துவமனையில் வாய்காட்டி இயக்குபவள். முப்பது வயது. கீழுதட்டில் புளியங்கொட்டை அளவில் ஒரு வெண்திட்டு. மறைதோல் போடாத சிலரில் அவளும் ஒருத்தி. ஏன் போடவில்லை என்று கேட்டவர்களுக்கு அவள் கொள்கை எதையும் சொல்லவில்லை.

"அந்த ரெண்டு நிமிசம் கூடத் தூங்கலாம்லா" என்றாள்.

வாய் எரிகிறது என்று அவளிடம் வந்தவன் ஆவுடையப்பன். மின்வாரியத்தில் வேலை. முதல்முறை உண்மையாகவே எரிந்தது. அடுத்த ஏழு முறையும் எரிந்ததா என்று அவனிடம்தான் கேட்க வேண்டும். எட்டாம் முறை இருவரும் கல்யாணம் செய்துகொள்வது என்று முடிவெடுத்தார்கள். பேச்சை முறைப்படி நடத்தப் பிரமநாயகம் அமர்த்தப்பட்டார்.

ஆவுடையப்பனின் தாய் கோமதியம்மாள் மறைதோலில் முப்பது வயதாக இருந்தாள். கடையில் மகனை அவளுடைய அண்ணன் என்று நினைத்தார்கள். அவள் திருத்தியதில்லை.

"பொண்ணு நல்ல பொண்ணுதான் அண்ணாச்சி. ஆனா உதட்டுல வெள்ளை இருக்கே."

"அது தொத்துற நோயில்ல மதினி."

"எனக்குத் தெரியும். சொந்தக்காரங்களுக்குத் தெரியுமா? மேல மறைதோலப் போட்டுக்கிட்டா என்னவாம்?"

"போட மாட்டாளாம்."

"அப்ப வாய்ச்சீட்டு கேளுங்க. வெளியவே இவ்வளவுன்னா உள்ள என்னென்ன கெடக்கோ!"

மறுநாள் காலை தாயும் மகனும் தரகரும் மருத்துவமனைக்கே போனார்கள். பிரமநாயகம் வாய்காட்டியைத் துடைத்துவிட்டுச் செண்பகவடிவின் வாயைச் சுற்றிப் பார்த்தார். சீட்டு வந்தது. ஒரு கீறல்கூட இல்லை. கோமதியம்மாள் சீட்டைத் திருப்பிப் பின்பக்கத்தையும் பார்த்தாள்.

"இப்ப நீங்க உக்காருங்க அத்தை" என்றாள் செண்பகவடிவு.

"எனக்கு எதுக்குட்டி? தாலி கட்டிக்கப்போறது நானா?"

"பரம்பரை பாக்கணும்லா?"

கோமதியம்மாள் வாயைத் திறந்தாள். இரண்டு கன்னங்களின் உட்புறத்திலும் வெள்ளைக் கோடுகள், மெல்லிய வலை பின்னியதுபோல. நடுநடுவே சிவந்து புண்ணாகியிருந்தது. ஆவுடையப்பன் வாயிலும் அதே வலை. கோமதியம்மாள் இரண்டு வருடமாகத் தயிர்ச்சோறு தவிர வேறு எதையும் வாயில் வைக்கவில்லை என்பதும், பழியை மிளகாய் வியாபாரி மேல் போட்டு அவரோடு பேச்சை நிறுத்தியிருந்தாள் என்பதும் அப்போதுதான் வெளியே வந்தது.

செண்பகவடிவுக்கு அந்த வலை புதிதல்ல. தினமும் நாற்பது வாயில் பார்த்தாள். மறைதோல் போடாத ஒருவர் வாயில் பார்த்தோமா என்ற கேள்வி மட்டும் அன்றைக்குத்தான் தோன்றியது. மருத்துவமனையின் மூன்று வருடச் சீட்டுகளைப் புரட்டினாள். மறைதோல் போடாதவர்கள் முந்நூற்றுப் பன்னிரண்டு பேர்; அதில் ஒருவர் வாயிலும் வலை இல்லை. படலத்தில் இருந்த ஏதோ ஒன்று தோல் வழியாக உள்ளே இறங்கியிருந்தது. உடம்பின் காவல் அணுக்கள் அதை எதிரி என்று நினைத்து, வாயின் மெல்லிய தோலைப் போட்டு அடித்துக்கொண்டிருந்தன.

அவள் கண்டதைச் சுகாதாரத் துறைக்கு எழுதி அனுப்பினாள். ஒரே வாரத்தில் நாடு முழுக்கத் தெரிந்துவிட்டது. மறைதோல் நிறுவனம், குற்றம் மிளகாயுடையது என்று அறிக்கை விட்டது.

விஷயம் தெரிந்தபின் எல்லாரும் மறைதோலைத் தூக்கி எறிந்திருப்பார்கள் என்று நினைக்கிறவர்கள் நம் ஜனங்களோடு பழகியதில்லை. யாரும் எறியவில்லை. மறைதோல் போடாத வீட்டில் சம்பந்தம் தேடினார்கள். போடாதவர் யார் என்று தெருவில் பார்த்தே சொல்ல ஓர் அடையாளம் வேண்டியிருந்தது. வெளியே திட்டு தெரிந்தால் மறைக்கவில்லை என்று அர்த்தம். மறைக்கவில்லை என்றால் வாய் சுத்தம். திருமண விளம்பரங்களில் "இயற்கையான தேமல் உள்ள மணமகன்" என்று போட்டார்கள். முப்பது வருடம் முழுக்கைச் சட்டையோடு வாழ்ந்தவர்கள் கையை மடித்துவிட்டுக்கொண்டு கோயிலுக்குப் போனார்கள்.

நிறுவனம் ஆறே வாரத்தில் திட்டுத்தோலைக் கொண்டுவந்தது. அதே படலம்தான். வெண்புள்ளி, தேமல், சொரியாசிஸ் என்று மூன்று வகை. முதல் வரிசையில் நின்று வாங்கியவர்களில் கோமதியம்மாளும் உண்டு.

"என் மருமக உதட்டப் பாத்தியளா? அசலாக்கும்!" என்று தெருத்தெருவாகச் சொன்னாள். ஆவணியில் முகூர்த்தம் குறிக்கப்பட்டது.

கல்யாணத்துக்குப் பத்து நாள் இருக்கையில் செண்பகவடிவின் வெண்திட்டுக்குள் எள் அளவில் பழுப்புப் புள்ளிகள் வந்தன. நான்கு நாளில் அவை ஒன்றோடொன்று சேர்ந்துகொண்டன. அபூர்வமாக அப்படி ஆவதுண்டு. போன நிறம், யாரும் கூப்பிடாமல் தானாகத் திரும்பி வரும். கூறைச்சேலை கொடுக்க வந்த கோமதியம்மாள் வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"ஏட்டி, வெள்ளை எங்க?"

"தானா மாறிட்டு அத்தை."

"தானா மாறிட்டா? எழுநூறு பேர் வாராவ. வெண்திட்டு மருமக வாராள்னு சொல்லித்தான் பத்திரிக்கை குடுத்திருக்கேன். பொண்ணு மறைதோல் போட்டிருக்காள்னு ஒரே நாளுல பேச்சு கெளம்பிரும்." பையிலிருந்து ஒரு சின்னக் குப்பியை எடுத்தாள். "முகூர்த்தம் முடியுதவரைக்கும் இதத் தடவிக்கோ. யாருக்கும் தெரியாது."

செண்பகவடிவு குப்பியை வாங்கிப் படித்துப் பார்த்தாள். திட்டுத்தோல், வெண்புள்ளி வகை, உதட்டுக்கு ஏற்றது. திருப்பிக் கொடுத்தாள்.

"மாட்டேன்."

"அப்ப கல்யாணம் நின்னுரும், பாத்துக்கோ."

"வெள்ளை இருந்தப்ப மறைக்கச் சொன்னிய. போனபொறவு வரையச் சொல்லுதிய. என் உதடு என்னைக்குத்தான் அத்தை உங்களுக்குச் சரியா இருக்கும்?"

கோமதியம்மாள் கூறைச்சேலைத் தட்டை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்து, மகனிடம் கல்யாணம் நின்றது என்றாள்.

ஆவுடையப்பன் சட்டையைக் கழற்றினான். செண்பகவடிவு சொன்னதன்பேரில் அவன் மறைதோலை விட்டு நான்கு மாதம் ஆகியிருந்தது. வாய் எரிச்சல் பாதி குறைந்திருந்தது. இரண்டு முழங்கைகளிலும் சொரியாசிஸ், பிறந்தபின் முதன்முறையாகக் காற்றோட்டமாக, வெள்ளிச் செதில்களோடு இருந்தது. இத்தனை நாளும் அதை முழுக்கைச் சட்டைக்குள் வைத்திருந்தான்.

"எழுநூறு பேருக்குக் காட்ட அசல் ஒண்ணு வேணும், அவ்வளவுதானம்மா? நான் சட்டையில்லாம மணையில உக்காருதேன். அவள அவ உதட்டோட விடு."

கோமதியம்மாள் அவன் முழங்கையைப் பிடித்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். நகத்தால் லேசாகச் சுரண்டிப் பார்த்தாள். செதில் உதிர்ந்தது.

"இத ஏம்லே இத்தன நாளா சொல்லல?" என்றாள். உதிர்ந்த செதிலைப் பெருமையோடு உள்ளங்கையில் எடுத்து வைத்துக்கொண்டாள். தட்டு திரும்பவும் பெண் வீட்டுக்குப் போனது.

கல்யாணம் குறித்த நேரத்தில் நடந்தது. மாப்பிள்ளை வெற்றுடம்போடு, அட்சதை போட வந்தவர்கள் பார்க்க வசதியாக முழங்கையை வெளியே திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். வந்த எழுநூறு பேரின் கீழுதட்டிலும் வெண்திட்டு இருந்தது; எல்லாம் ஒரே அளவு, ஒரே இடம். மண்டபத்தில் திட்டில்லாத உதடு ஒன்றே ஒன்றுதான், மணப்பெண்ணுடையது.

முன்வரிசையில் இருந்த ஓர் அம்மாள் பக்கத்தில் இருந்தவளிடம் குனிந்தாள்.

"பாவம், பொண்ணுக்கு என்ன கோளாறோ. நல்லா மூடி மறைச்சிருக்காவ."

"எவ்வளவு நாளைக்கு மறைக்க முடியும்? வாயத் தெறந்தா தெரிஞ்சிரும்லா" என்றாள் மற்றவள். சொல்லிவிட்டுத் தன் வாயைக் கைக்குட்டையால் மூடிக்கொண்டாள். காலையில் குடித்த காபி அவளுக்கு இன்னும் எரிந்துகொண்டிருந்தது.

இவ்வளவையும் ஒன்றுவிடாமல் சொன்னவர் தரகர் பிரமநாயகம். ஐம்பது வருடத் தொழிலில் அவர் பேசி முடித்து நடந்த கல்யாணம் என்று பாளையங்கோட்டையில் ஒன்றுகூடக் கிடையாது.